அசிமினாவின் புதன்கிழமைகள்

அசிமினாவின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை அனெஸ்டிஸ் ஒரு வாக்குக் கொடுத்தான். "மூணே வருஷம் கப்பல்ல வேலை பாப்பேன். அப்புறம் கரையை விட்டு நகர மாட்டேன்" என்று தேவாலய வாசலில், நாங்கள் தூவிய அரிசி தலைமுடியில் ஒட்டியிருக்க, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். பீடத்தின் முன்னால் அவர்கள் இருவர் தலையிலும் பூக்கிரீடத்தை மாற்றி வைத்தவள் நான். அப்படிச் செய்தவளை எங்கள் பக்கத்தில் கும்பாரா என்று கூப்பிடுவார்கள். கூடப் பிறந்தவளுக்கும் ஒரு படி மேல். அதனால் அந்த வாக்குக்கு நானும் ஒரு சாட்சி.

மூன்று வருஷம் போயிற்று. மகள் மிர்ட்டோ பிறந்தாள். அடுத்த வருஷமும் போயிற்று. அனெஸ்டிஸ் கப்பலில்தான் இருந்தான்.

அது வெள்ளை நிற உல்லாசக் கப்பல். ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகமான பிரேயஸில் கிளம்பித் தீவுகளைச் சுற்றிக்கொண்டு, கோடை முழுவதும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், புதன்கிழமை காலையில் எங்கள் நாஃப்பிலியோவுக்கு வரும். பூர்ட்சித் தீவுக்கோட்டைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். சின்னப் படகுகள் ஆட்களைக் கொண்டுவந்து கரையில் இறக்கும். சாயங்காலம் சங்கு ஊதிக்கொண்டு கிளம்பிவிடும். குளிர்காலம் வந்தால் கரீபியன் பக்கம் போய்விடும். ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால்தான் திரும்பும். அனெஸ்டிஸுக்கு அதில் எந்திர அறையில் எண்ணெய் போடும் வேலை. ராத்திரி முழுக்க விழித்திருந்து, காலையில் முறை முடிந்ததும் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு பத்து மணிப் படகில் வருவான். நாலு மணிக்குக் கடைசிப் படகு. அந்த இடைவெளிதான் அசிமினாவின் குடித்தனம்.

என் பெட்டிக்கடை படகுத்துறைக்கு நேர் எதிரில். பத்திரிகை, சிகரெட், குளிர்ந்த தண்ணீர், வெயிலுக்கு வைக்கோல் தொப்பி எல்லாம் விற்பேன். யார் வந்தார்கள், யார் போனார்கள், யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாமல் அந்தத் துறையில் எதுவும் நடக்காது.

அசிமினா குளிர்காலத்தில் ஆர்கோஸ் சாலையில் இருக்கும் கிடங்கில் ஆரஞ்சுப் பழம் அடுக்கும் வேலை செய்தாள். கோடையில் விடுதி அறைகளைச் சுத்தம் செய்தாள். கப்பல் வரும் புதனில் மட்டும் லீவு. முதல் நாளே தக்காளியைக் குடைந்து அரிசியும் புதினாவும் வைத்து அடைத்துவிடுவாள். காலையில் தலைக்குக் குளித்து, ஈரம் காயாமல் ஒன்பது மணிக்கே துறையில் வந்து நிற்பாள். வலை பிரிக்கும் செம்படவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

"என்ன அசிமினா, கப்பல் உனக்காகவா சீக்கிரம் வரப்போகுது?"

"உன் பொண்டாட்டி ஒருநாளாவது உனக்காக இப்படி நின்னிருக்காளா, சொல்லு!" என்று இவளும் விட மாட்டாள்.

அவன் படகிலிருந்து குதிப்பான். இவள் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். இரண்டு பேரும் மீனவர் தெருப் படிகளில் ஏறி வீட்டுக்குப் போவார்கள். நாலு மணிக்குத் திரும்பி வருவார்கள். படகு போனதும் அவள் என் கடைக்கு வந்து ஐஸ் பெட்டி மேல் உட்காருவாள்.

"சாப்பிட்டானா?" என்று கேட்பேன்.

"பாதித் தக்காளி உள்ள போச்சு. அப்புறம் கரண்டியைப் பிடிச்சபடியே தூங்கிட்டான்."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"எப்படி கும்பாரா எழுப்புறது? அந்த மூஞ்சியைப் பாத்தா கை வரல. பக்கத்துல உக்காந்து ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன். ரெண்டு வாரமா சொல்லணும்னு சேத்து வெச்சது எல்லாம் வயித்துலயே கிடக்கு."

ஒவ்வொரு கப்பல் நாளும் ஏறக்குறைய அப்படித்தான் முடிந்தது. வந்தான், சாப்பிட்டான், தூங்கினான், போனான். அசிமினாவுக்குத் தன் புருஷனின் குறட்டை மனப்பாடம். அவன் பேச்சு மறந்துகொண்டிருந்தது. மிர்ட்டோவுக்கு ஐந்து வயது ஆனபோது ஒருநாள் கட்டில் பக்கத்தில் நின்று, அம்மாவின் காதில் ரகசியமாகக் கேட்டாளாம்: "இந்த விருந்தாளி எப்பம்மா எழுந்து போவாரு? எனக்கு விளையாடணும்."

இதை என்னிடம் சொல்லும்போது அசிமினா சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

அந்த வருஷம் ஆகஸ்டில், மாதா திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் வந்த புதன்கிழமை, அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். மஞ்சள் பூப்போட்ட உடை, உதட்டில் சாயம், தோளில் கடற்கரைப் பை.

"இவளை சாயங்காலம் வரைக்கும் வெச்சுக்க கும்பாரா."

"எங்க கிளம்பிட்ட, மகாராணி?"

"நான் இன்னைக்குக் கப்பல்ல வந்தவ." தொங்கிக்கொண்டிருந்த வைக்கோல் தொப்பிகளில் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்து, என் சின்னக் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்தாள். "சமைக்கல. வீட்டைப் பூட்டிட்டேன். சாவி உன்கிட்ட இருக்கட்டும். என்கிட்ட இருந்தா அவன் ஒரு கொட்டாவி விட்டதும் திறந்து விட்டுடுவேன்."

அனெஸ்டிஸ் வந்து இறங்கினான். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

"என்ன இது, தொப்பியெல்லாம்?"

"நட. ஊரைச் சுத்திப் பாக்கப் போறோம்."

"எந்த ஊரை?"

"இந்த ஊரைத்தான்."

"நான் பொறந்ததே இங்கதானேடி!"

"பொறந்த. அதுக்கப்புறம் பாத்தியா?"

அவன் என் பக்கம் திரும்பினான். "வாசோ, நீயாவது சொல்லு. கண்ணு ரெண்டும் எரியுது. ஒரே ஒரு மணி நேரம் தலையைச் சாய்ச்சுக்கிறேன்."

"சாவியைக் காணோமேப்பா" என்றேன்.

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். மிர்ட்டோவின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினான். படகிலிருந்து இறங்கிய ஜெர்மன்காரர்களின் கூட்டத்தோடு கூட்டமாக அந்த மஞ்சள் உடை நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்றைய பகல் முழுவதையும் அசிமினா பின்னால் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். எந்த இடத்தில் எந்த வார்த்தை என்பது எனக்கே அத்துப்படி.

முதலில் பெரிய சதுக்கத்துக்குப் போனார்கள். பளிங்குத் தரையில் மேசை போட்டிருக்கும் கடைகளில் எங்கள் ஊர்க்காரர்கள் கோடையில் உட்கார மாட்டார்கள், அது வெளிநாட்டுக்காரர்களுக்கு. தொப்பியைப் பார்த்ததும் பரிசாரகன் ஆங்கிலத்தில் வரவேற்றுக்கொண்டே ஓடி வந்தான். கிட்டே வந்ததும் அவன் முகம் மாறியது.

"அட, அனெஸ்டிஸா! உனக்காடா இவ்வளவு இடுப்பை வளைச்சேன்?"

"வளைச்சது வளைச்சாச்சு, ஐஸ்கிரீம் கொண்டு வா" என்றாள் அசிமினா. "ரெண்டு. மேல செர்ரி வெச்சு. நாங்க ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கோம்."

அதற்குப் பிறகு பாலமிதிக் கோட்டை. மலையைச் செதுக்கிய அந்தப் படிகளில் அனெஸ்டிஸ் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஏறியதே இல்லை. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். எழுபது வயது இருக்கும் இரண்டு ஜெர்மன் கிழவிகள் அவர்களைத் தாண்டி ஏறிப் போனார்கள். ஒருத்தி திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"என்ன சொல்றா?"

"உன்னைத் தூக்கிக்கிட்டுப் போகட்டுமான்னு கேக்குறா" என்றாள் அசிமினா. அவளுக்கு ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாது.

அவன் எழுந்தான். மேலே போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தூக்கம் எங்கோ போய்விட்டிருந்தது. வளைகுடா முழுவதும் கீழே விரிந்து கிடந்தது. ஆர்கோஸ் பக்கம் ஆரஞ்சுத் தோப்புகள், பூர்ட்சி, அதற்கு அப்பால் சோப்புக் கட்டி போல வெள்ளைக் கப்பல். அவன் பேச ஆரம்பித்தான். கப்பலில் சமையல்காரன் யாரோடு சண்டை போட்டான், கரீபியனில் மழை எப்படி வரும், எந்திரத்தின் சத்தத்திலேயே அதற்கு என்ன கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது... அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் தொடர்ந்து இவ்வளவு நேரம் பேசி அவள் கேட்டதில்லை.

"உன் அறை எங்க இருக்கு? காட்டு" என்றாள்.

"அதோ, வரிசையா வட்ட ஜன்னல் தெரியுதா?"

"தெரியுது. எது உன்னுது?"

"அதுல இல்ல. அதுக்குக் கீழ. தண்ணிக்குள்ள."

அவள் அந்த வெள்ளைக் கப்பலை மறுபடி பார்த்தாள். தண்ணீருக்கு மேலே இருப்பதுதான் கப்பல் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

"அப்ப வெளிச்சம்?"

"பல்பு இருக்கே."

"வெயிலே படாதா?"

"உன்னைப் பாக்க வர்ற நாள்ல படும்" என்றான் சாதாரணமாக.

  கோட்டையின் பின்பக்கமாக இறங்கி அர்வனிட்டியா கடற்கரைக்குப் போனார்கள். அங்கிருந்து துறைமுகம் தெரியாது. நடுவே மலை மறைக்கும். கூழாங்கல் கரையில் துணியை விரித்து, ரொட்டியும் தக்காளியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டார்கள். நீந்தினார்கள். கல்யாணத்துக்கு முன்னால் செய்ததைப் போல அவன் நீருக்கடியில் வந்து அவள் காலைப் பிடித்து இழுத்தான். அவள் கூச்சல் போட்டதில் கரையில் இருந்த பாதிரியார் ஒருவர் தன் குடையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாராம்.

கரையேறி, பைன் மர நிழலில் படுத்தார்கள். தர்பூசணி தின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தவன் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோனான். அவள் திரும்பிப் பார்த்தாள். கண்கள் மூடியிருந்தன.

அவள் ஈ ஓட்டவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் இலை வழியாக இறங்கி அவன் வயிற்றில் புள்ளி புள்ளியாக விழுந்தது. அவன் உடம்பு எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று அப்போதுதான் கவனித்தாள். வேரோடு பிடுங்கிய செடியின் அடிப்பகுதி மாதிரி.

கடைசிப் படகு கிளம்புவதற்கு முன்னால் கப்பல் ஒரு தடவை சங்கு ஊதும். ஊரில் இருக்கும் பயணிகள் ஓடி வருவதற்காக. அந்தச் சத்தம் மலையைத் தாண்டி வந்தது. அசிமினா அவன் தோளை நோக்கிக் கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அதை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

துறையில் நான் மிர்ட்டோவை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். கப்பல் ஏஜெண்ட் பாந்தெலிஸ் வியர்த்து விறுவிறுத்து வந்தான்.

"அனெஸ்டிஸ் எங்க வாசோ? எல்லாரும் ஏறியாச்சு!"

"வருவான். கொஞ்சம் பொறு."

"நான் பொறுப்பேன், கேப்டன் பொறுப்பானா?"

படகு கொஞ்ச நேரம் எந்திரத்தை அணைக்காமல் நின்றது. பிறகு கிளம்பியது. மிர்ட்டோ அதற்குக் கை ஆட்டினாள். கப்பல் நங்கூரத்தைத் தூக்கி, இன்னொரு முறை நீளமாகச் சங்கு ஊதி, மெல்லத் திரும்பி, வளைகுடாவின் வாயை நோக்கிப் போனது.

ஆறு மணி சுமாருக்கு அவர்கள் இரண்டு பேரும் கரையோரமாக நடந்து வந்தார்கள். அனெஸ்டிஸ் வெறுமையாகக் கிடந்த கடலைப் பார்த்தபடி வந்தான். அசிமினாவின் தொப்பி கையில் இருந்தது.

"தூங்கிட்டேன்" என்றான் பாந்தெலிஸிடம்.

"நானும் கண்ணசந்துட்டேன்" என்றாள் அசிமினா, அவன் முடிப்பதற்குள்.

பாந்தெலிஸ் கத்தித் தீர்த்தான். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். அவன் போன பிறகு மிர்ட்டோ அப்பாவின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கப்பல் போயிடுச்சே, நீ எப்படிப் போவ?"

"போகல."

"எங்க தூங்குவ?"

"நம்ம வீட்டுல."

"காலையில இருப்பியா?"

"இருப்பேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். அவன் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டான். எங்கள் ஊரில் வெயில் தாழ்ந்ததும் குடும்பம் குடும்பமாகக் கரையோரம் உலாத்துவோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த உலாவில் தனியாகவும், பிறகு மகளைப் பிடித்துக்கொண்டும் நடந்தவள், அன்று புருஷனோடு நடந்தாள். "என்னப்பா, உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்று வழியெல்லாம் கேட்டார்கள். "நான்தான் அவங்களை விட்டுட்டேன்" என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். அசிமினா எதற்கும் சிரித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் அவள் கல்யாணத்திலும் பார்க்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் கம்பெனியிலிருந்து செய்தி வந்துவிட்டது. வேலை போயிற்று.

குளிர்காலம் முழுவதும் அவன் ஆரஞ்சுக் கிடங்கில் பெட்டி சுமந்தான். ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் வேலைக்குப் போய் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுக்குக் காற்றாடி செய்து கொடுத்தான். அசிமினா அந்தச் சில மாதங்களைத்தான் தன் வாழ்க்கை என்பாள். அதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்தது காத்திருப்பு. அந்தக் குளிர்காலத்தில்தான் ஒருநாள் கிடங்கு வாசலில் என்னிடம் உண்மையைச் சொன்னாள்.

"நான் தூங்கல கும்பாரா. சங்கு கேட்டுச்சு. நான்தான் எழுப்பல."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னா மூஞ்சியில முழிப்பானா?"

மே மாதம் பழம் தீர்ந்தது. கிடங்கை மூடினார்கள். ஊரில் எந்திர வேலை எங்கும் இல்லை. படகைத் தவறவிட்டவன் என்ற பெயரோடு போனவனை எந்த உல்லாசக் கப்பலும் எடுத்துக்கொள்ளவில்லை. பிரேயஸில் ஒரு சரக்குக் கப்பல்காரன் எடுத்துக்கொண்டான். பிரேசிலில் இரும்புத்தாது ஏற்றி ஜப்பானில் இறக்குகிற கப்பல். கிரேக்கத்தின் பக்கமே வராது. ஒரு தடவை ஏறினால் ஒன்பது மாதமோ பத்து மாதமோ கழித்துத்தான் வீடு.

ஒரு ராத்திரி அவனைக் கூட வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். இருந்த புதன்கிழமைகளும் போயின.

அந்தக் காலத்தில் நடுக்கடலிலிருந்து பேச ரேடியோ டெலிபோன்தான். ஒருவர் பேசி முடித்து "முடிஞ்சுது" என்று சொன்ன பிறகுதான் மற்றவர் பேச முடியும். அது போக, பக்கத்துக் கடலில் இருக்கும் எல்லாக் கப்பல்களும் கேட்டுக்கொண்டிருக்கும். "நல்லா இருக்கியா, முடிஞ்சுது." "நல்லா இருக்கேன், முடிஞ்சுது." இதற்கு நடுவில் எந்த உண்மையைச் சொல்வது? ஒரு தடவை அவள் துணிந்து, "அனெஸ்டிஸ், அன்னைக்குக் கடற்கரையில..." என்று ஆரம்பித்தாளாம். எங்கோ ஒரு கப்பலில் எவனோ விசில் அடித்திருக்கிறான். போனை வைத்துவிட்டாள்.

வெள்ளைக் கப்பல் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், அதே புதன்கிழமை. அசிமினா வேலைக்கு நடுவில் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு துறைக்கு வருவாள். வந்து, கப்பல் ஊழியர்கள் இறங்குவதைப் பார்ப்பாள். பழைய சமையல்காரன் அவளைக் கண்டால் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வான். "உன் ஆளு எந்தக் கடல்ல இருக்கான்?" என்று கேட்பான். அவளுக்குத் தெரிந்தால் சொல்வாள்.

ஒரு ஜூலையில், அவள் மூன்றரை மணிக்கு வந்திருந்தபோது, பெரிய மீசை வைத்த புதிய ஊழியன் ஒருவன் என் கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எதிர் பெஞ்சில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். கை நகங்களில் எண்ணெய்க் கறுப்பு. அசிமினா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கு ஊதியது. அவன் அசையவில்லை. இவள் பாய்ந்து போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எழுந்திரு! படகு போயிடும்! எழுந்திருடா!"

அவன் பதறி எழுந்து, "யாரும்மா நீ?" என்றான்.

"யாரோ. ஓடு."

அவன் ஓடிப் படகைப் பிடித்தான். அவள் பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவ்வளவு பேர் பார்க்க அவள் அழுதது அந்த ஒரு தடவைதான். நான் கடையை விட்டு வெளியே வந்து அவளை மறைத்துக்கொண்டு நின்றேன்.

வருஷங்கள் இப்படியே ஓடின. பள்ளி ஊர்வலத்தில் மிர்ட்டோ கொடி பிடித்து நடந்தபோது அவன் சிலி நாட்டுப் பக்கம் இருந்தான். அசிமினாவின் அம்மாவை அடக்கம் செய்தபோது ஒசாகாவில். மிர்ட்டோ படிப்புக்காக ஏதென்ஸ் போன அடுத்த வருஷம் அந்தச் சரக்குக் கப்பலை உடைப்பதற்கு விற்றுவிட்டார்கள். அனெஸ்டிஸ் ஒரே ஒரு பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். தலை நரைத்திருந்தது. எந்திரச் சத்தத்தில் காது பாதி போயிருந்தது.

வந்த முதல் கோடையில் ஒரு புதன்கிழமை. பழைய வெள்ளைக் கப்பல் எப்போதோ நின்றுவிட்டது. வேறொரு பெரிய கப்பல் பூர்ட்சிக்கு அப்பால் நின்றது. அனெஸ்டிஸ் என் கடை வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அசிமினா பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டே ஏதோ கேட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டாள். கேட்கவில்லை. அப்போது கப்பல் சங்கு ஊதியது. அவன் தலை சட்டென்று திரும்பியது.

"பாரேன், நான் கத்துறது கேக்கல, இது மட்டும் கேக்குது!" என்றாள்.

"இது எப்பவும் கேக்கும்" என்றான். பிறகு, காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "அன்னைக்கும் கேட்டுச்சு" என்றான்.

"என்னைக்கு?"

"அர்வனிட்டியாவுல."

அசிமினாவின் கையிலிருந்து பட்டாணித் தோல் விழுந்தது.

"நீ தூங்கிக்கிட்டு இருந்த."

"கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். நீ கையை நீட்டுன. நிழல் என் முகத்துல விழுந்துச்சு. ஐயோ, எழுப்பிடுவாளோன்னு பயந்தேன். எழுப்பியிருந்தா எழுந்து போயிருப்பேன், வேற வழி? நல்ல வேளை, நீ கையை எடுத்துட்ட."

"அப்ப... நான் தூங்கலன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். நீ கண்ணசந்துட்டேன்னு சொன்ன. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

 இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று நினைத்தேன். அசிமினா எழுந்தாள். முகம் கொதித்தது.

"பாவி! இத்தனை வருஷம்! உன்னை நடுக்கடல்ல தள்ளினது நான்தான்னு பாதிரியார் முன்னால முழங்கால் தேய நின்னேன். ஒவ்வொரு புயலுக்கும் நான்தான் காரணம்னு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே ஜப்பான்ல சோறு தின்னுக்கிட்டு இருந்தியா!"

பட்டாணியைச் சட்டியோடு எடுத்துக்கொண்டு படிகளில் ஏறிப் போய்விட்டாள்.

"என்ன சொன்னா? பாதிதான் கேட்டுச்சு" என்றான் அனெஸ்டிஸ்.

"கேட்ட பாதியே உனக்குப் போதும்" என்றேன்.

அவன் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு, "அவ மனசுல இப்படி ஒண்ணு கிடக்குதுன்னு எனக்குத் தெரியாது வாசோ" என்றான். "சத்தியமா தெரியாது. அந்த ராத்திரியை நான் அங்க தினமும் நினைச்சுக்குவேன். அவளும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருப்பான்னு நினைச்சேன்."

இதை நான் அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்; ஆனால் கோபம் தீரவில்லை. ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்தாள், வாய் திறக்கவில்லை. அவன் அவள் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போனான்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அவன் குழாய்க்கு ரப்பர் வளையம் வாங்க பஸ்ஸில் ஆர்கோஸ் போனான். பத்து மைல் கூட இல்லை. மதியம் அசிமினா என் கடைக்கு வந்து பத்திரிகையைப் புரட்டினாள். அவள் பத்திரிகை படிக்கிறவள் இல்லை.

"ஆர்கோஸ் பஸ் வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல."

"பன்னிரண்டரைக்கு வரணுமே."

"இன்னைக்குச் சந்தை நாள். லேட் ஆகும்."

"எனக்கென்ன, எப்ப வேணா வரட்டும்." பத்திரிகையை வைத்தாள். எடுத்தாள். சாலைத் திருப்பத்தைப் பார்த்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். "வளையம் வாங்க இவ்வளவு நேரமா கும்பாரா? இங்கேயே கிடைக்குமே. எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?"

பஸ் வந்தது. அவன் கடைசி ஆளாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினான். அசிமினா சாலையைக் கடந்து போய் அவன் கையிலிருந்த பையைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"இது சின்ன வளையம். நம்ம குழாய்க்குச் சேராது!" என்று காது கேட்காதவனுக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"அப்ப நாளைக்குப் போய் மாத்திட்டு வர்றேன்."

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள்.

இரண்டு பேரும் வீட்டுப் படிகளில் ஏறிப் போனார்கள். தெருமுனை திரும்பும் வரை அவள் திட்டிக்கொண்டே போவது எனக்குக் கேட்டது.